காந்தத்தில் ஒட்டிய துணுக்கு

தேயிலைத் தூளில் இரும்பு இருக்கும். கொழுந்தை நசுக்கும் ரோலர்கள், உலர்த்தும் இயந்திரத்தின் தட்டுகள், சல்லடைக் கம்பிகள் எல்லாம் நாளும் தேய்ந்துகொண்டிருப்பவை. தேய்ந்து உதிர்வது தூளோடு சேர்ந்துதான் வரும். அதைப் பிடிப்பதற்கென்று எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையின் சல்லடை அறையில், தூள் சரிந்து விழும் தகரத்துக்கு மேலே ஒரு காந்தம் மாட்டியிருந்தார்கள். செங்கல் அளவு இருக்கும். சல்லடை நின்றதும் அதைக் கழற்றி, அடியில் படிந்திருக்கும் கறுப்புப் பொடியைச் சாக்குத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அது அந்த அறையில் வேலை செய்த பெண்களின் பொறுப்பு.

தொழிற்சாலை என்று தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. ஸ்டோர் என்பார்கள். டிக்கோயாவிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குச் சற்றுக் கீழே அது இருந்தது. என் அண்ணன் அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டருக்கு உதவியாளாக இருந்தார். அண்ணி சல்லடை அறையில். அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்ததற்கு அந்தக் காந்தம்தான் காரணம் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை.

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையில் தோட்டங்களை அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்ட காலம். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்கியிருந்ததால் கத்திகளெல்லாம் சாணை பிடிக்க ஸ்டோருக்கு வந்திருந்தன. அண்ணன் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குப் போடும் கண்ணாடி பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் அதை எடுத்து மாட்டுவார்கள். ஒரு பொறி தெறித்து இடது கண்ணில் அடித்தது. தோட்டத்து மருந்தறையில் அன்று ஆள் இல்லை. அண்ணன் கத்தியதைக் கேட்டு, சல்லடை அறையிலிருந்து ஒரு பெண் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஆடாம நில்லுங்க" என்று சொல்லி, இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்து, காந்தத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு அதைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கைக் காட்டினார். "இந்தாங்க, வந்துருச்சு."

வாளித் தண்ணீரில் கண்ணைக் கழுவினார்கள். சாயந்தரத்துக்குள் வலி குறைந்துவிட்டது. அடுத்த தை மாதம் அவர் எனக்கு அண்ணியானார்.

நான் அப்போது அட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அண்ணன் சொன்னார். பிறகு தீபாவளிக்கு வந்தவர்களுக்கு, திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு, டயகமவிலிருந்தும் இறம்பொடையிலிருந்தும் வருகிற உறவுக்காரர்களுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க. எனக்குப் பொண்ணு காந்தத்தோட வந்துச்சு."

"நான் இரும்பத்தான் இழுத்தேன்," என்பார் அண்ணி. "கூடவே இந்தத் துரும்பும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு."

அண்ணி சொல்லும் வரி ஒருபோதும் மாறியதில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் உடனே எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அது கூச்சம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் இறுதியில் அண்ணனுக்குக் கால்கள் கெட ஆரம்பித்தன. நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வந்திருந்தபோது, அவர் ஸ்டோரிலிருந்து ஒரு காலில் செருப்பில்லாமல் ஏறி வந்தார். செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. செருப்பு கழன்றதைக் கால் உணரவில்லை.

சில மாதங்களில் தொடைவரை மரத்துப்போனது. இடுப்புக்குக் கீழே கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்தன. லயத்து வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வந்தார். இருட்டத் தொடங்கினால் இடது பக்கத்தில் இருக்கும் எதன் மீதும் இடித்துக்கொண்டார். அதையும் கால்களின் கணக்கில் சேர்த்தோம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் குறை ஒன்றும் இல்லை. கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பு வைத்தியர் அண்ணனின் பாதத்தில் குண்டூசியால் குத்தி, அதை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்து, எந்த இடத்தில் குத்து உறைக்கிறது என்று பார்த்தார். மார்புக்குக் கீழே ஒரு கோட்டில் உறைத்தது. அதற்குக் கீழே எல்லாம் மங்கல்.

வைத்தியர் சிங்களவர். நிதானமாகப் பேசினார். முள்ளந்தண்டுக்குள் மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கயிறு ஒன்று இருக்கிறது, அதை ஏதோ ஒன்று நெருக்குகிறது என்றார். அது என்ன, எந்த முள்ளெலும்புக்கு நேரே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சத்திரசிகிச்சை செய்ய முடியும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. அதற்கு இரண்டு வழி உண்டு. பழைய வழி, முதுகில் ஊசி போட்டு நரம்பைச் சுற்றியுள்ள நீரில் ஒரு மருந்தைக் கலந்து, ஆளை மேசையோடு சாய்த்து, மருந்து எங்கே போய் நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. நெருக்கம் அதிகமாக இருந்தால் அந்த ஊசியாலேயே கால்கள் இன்னும் மோசமாகலாம். புதிய வழி, காந்தத்தால் படம் எடுப்பது. ஊசி இல்லை, கதிரும் இல்லை. அந்த இயந்திரம் இலங்கையில் இல்லை. மதராசில் வந்திருக்கிறது.

"முடிந்தால் அங்கே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்," என்றார். "ஆனால் நாள் கடத்தாதீர்கள். இந்தக் கால்கள் எவ்வளவு காலம் காத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

பிறகு அண்ணனைப் பார்த்துச் சிங்களத்தில் வரிசையாகச் சில கேள்விகள் கேட்டார். இதயத்தில் கருவி ஏதும் வைத்திருக்கிறார்களா? உடம்புக்குள் கம்பி, ஆணி, குண்டு ஏதாவது? கண்ணில் எப்போதாவது இரும்பு பட்டதுண்டா?

"நே மாத்தயா," என்றார் அண்ணன் ஒவ்வொன்றுக்கும். இல்லை ஐயா.

அண்ணி பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். அண்ணன் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வி காயங்களைப் பற்றியது. எங்கள் வீட்டில் அந்தச் சம்பவம் காயமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது கல்யாணக் கதை.

மதராசில் அண்ணியின் சித்தப்பா குடும்பம் இருந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்கள். தங்க இடமும் கூட்டிப்போக ஆளும் உண்டு என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கடவுச்சீட்டு எடுத்தார். புறப்படுவதற்கு முந்தின வாரம் நான் அட்டனுக்கு ரயிலேறினேன். அந்த இயந்திரத்தைப் பற்றிய வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றை ஞாயிறு இதழுக்காக மொழிபெயர்த்திருந்தேன். அது எப்படி வேலை செய்கிறது என்று அண்ணனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அண்ணிதான் கேட்டிருந்தார். "உள்ளுக்க போட்டாங்கன்னா பயந்துருவாரு. நீ வந்து சொன்னீன்னா கேப்பாரு."

சாயந்தரம் தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணி அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். வீடு முழுக்க ஒரே காம்பரா, ஒரே அறைதான், எல்லாம் எல்லோருக்கும் கேட்கும்.

"உள்ள தள்ளிக் கதவ மூடிருவாங்களா?"

"கதவே கெடையாதுண்ணே. ரெண்டு பக்கமும் தொறந்த குழாய். நடுவுல ஒரு பலகை. அதுல படுத்தா உள்ள தள்ளுவாங்க."

"நம்ம டிரையர் மாதிரி."

"சூடு இருக்காது."

"வறுக்க மாட்டாங்க, அவ்வளவுதானே."

குழாயைச் சுற்றி மைல் கணக்கில் கம்பி சுற்றியிருக்கும், அதில் ஓடும் மின்சாரம்தான் காந்தம் என்றேன். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றேன்.

"எனக்கு அதுல கொஞ்சம் வேற சரக்கும் கலந்திருக்கும்."

"கொஞ்சமாம்," என்றார் அண்ணி, திரும்பாமல்.

தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது. ஒவ்வொரு ஐதரசனின் நடுவிலும் உள்ள கரு ஒரு குட்டிக் காந்தம். சாதாரண நேரத்தில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் உடம்புக்குக் காந்த குணம் எதுவும் கிடையாது. பெரிய காந்தத்துக்குள் போனதும் அவை ஒழுங்குக்கு வரும். இந்த இடத்தில் கட்டுரையில் இருந்த சொற்கள் அண்ணனுக்கு உதவவில்லை. மேற்பார்வையாளர் வந்து ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டை வைத்து வேறு வழியில் கேட்டேன்.

"காலையில பெரட்டுக் களத்துல கண்டாக்கையா வர்றதுக்கு முந்தி எப்படி நிப்பீங்க?"

"எவன் எப்படி நின்னான்? ஒருத்தன் வெத்தல போடுவான், ஒருத்தன் மலையப் பாப்பான்."

"அவரு வந்தா?"

"கொஞ்சப் பேரு நேரா நிப்பாங்க. மத்தவன் அப்பவும் மலையத்தான் பாப்பான்."

"இதுவும் அப்படித்தான். எல்லாமே நேரா நிக்காது. லட்சக்கணக்குல நின்னா அதுல ஒண்ணு ரெண்டுதான் கூடுதலா ஒரு பக்கம் திரும்பும். அது போதும். ஒடம்புல அவ்வளவு தண்ணி இருக்கு."

நேராக நிற்பவை அசையாமல் நிற்பதில்லை. பம்பரம் சாய்ந்து சுற்றுவதுபோல் தலையை ஆட்டிச் சுழன்றுகொண்டிருக்கும். காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம். அதே வேகத்துக்குப் பொருந்தும் வானொலி அலை ஒன்றை இயந்திரம் சிறிது நேரம் அனுப்பும். ஊஞ்சல் திரும்பி வரும் தருணம் பார்த்துத் தள்ளுவதுபோல் அந்த அலை அவற்றைத் தள்ளிச் சாய்த்துவிடும். அலை நின்றதும் அவை மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவையே மிக மெல்லிய அலையைத் திருப்பி அனுப்பும். அதைக் கேட்பதற்கு ஒரு கம்பிச்சுருள் முதுகுக்கடியில் இருக்கும். கொழுப்பில் இருக்கும் ஐதரசன் சீக்கிரம் திரும்பும். நீரில் இருப்பது நேரமெடுக்கும். நரம்பு ஒரு மாதிரி, கட்டி வேறு மாதிரி. அந்த வித்தியாசம்தான் படத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகத் தெரிவது.

"எல்லாம் ஒரே நேரத்துல சத்தம் குடுத்தா, எது எங்கேருந்து வருதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மூலக் கட்டுரையில் இதற்கு நீளமான பத்தி ஒன்று இருந்தது. நான் கட்டிலருகே இருந்த அவருடைய டிரான்சிஸ்டரைக் காட்டினேன். முள்ளைத் திருப்பினால் ஒரு இடத்தில் ஒரு நிலையம், இன்னொரு இடத்தில் இன்னொன்று. இயந்திரத்துக்குள் வேறு சில கம்பிச்சுருள்கள் உண்டு. அவை காந்தத்தின் பலத்தைத் தலைப்பக்கம் சற்றுக் கூட்டி, கால்பக்கம் சற்றுக் குறைத்து வைக்கும். அதனால் ஒவ்வொரு முள்ளெலும்பும் முள் நிற்கும் வேறு வேறு இடத்தில் பேசும். அந்தச் சுருள்களை மாற்றி மாற்றி இயக்குவதால்தான் இயந்திரம் தட்டும்.

"தட்டுமா?"

"பலமா. விடிகாலையில பெரட்டுக்கு அடிக்கிற தப்பு மாதிரி, காதுக்குப் பக்கத்துல."

"அதக் கேட்டுத்தானே இத்தன வருசம் எந்திரிச்சோம்," என்றார். கொஞ்ச நேரம் தம் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்திரிக்க வச்சாச் சரி."

அந்தக் காந்தம் எவ்வளவு பெரிது என்று பிறகு கேட்டார். ஸ்டோர் காந்தம் அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான் என்றேன். அறைக்குள் ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும். கம்பிகளை ஈலியம் என்ற வாயுவைத் திரவமாக்கிக் குளிர்வித்து வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் கம்பிக்குள் விட்ட மின்சாரம் தேயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"வேல முடிஞ்சதும் நிறுத்திருவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. ஆள் இல்லாதப்பவும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்."

அரைஞாணில் இருக்கும் தாயத்து, சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை, பெல்ட்டு எல்லாம் வெளியே கழற்றி வைக்கச் சொல்வார்கள் என்றும் சொன்னேன். இரும்பு எதுவும் கூடாது.

அண்ணி மாவைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"கண்ணுக்குள்ள கெடந்தா?"

"என்ன அண்ணி?"

"இரும்பு. கண்ணுக்குள்ள கெடந்தா, அதையும் இழுக்குமா?"

"இழுக்கும். வெளிய வராது. உள்ளுக்குள்ளயே நகரும். நகர்ந்தா கண்ண அறுத்துரும்." கட்டுரையில் அது ஒரு வரி. கண்டி வைத்தியர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

"அதத்தான் நீயே எடுத்துட்டியே," என்றார் அண்ணன். "காந்தத்தோட பொண்டாட்டி இருக்கறப்ப எனக்கென்ன."

அண்ணி பதிலுக்குத் தம்முடைய வரியைச் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த ரொட்டியை இறக்கி வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கி நான் காந்தத்தத் தொடைக்கலைங்க."

"என்னா?"

"சல்லட ஓடிக்கிட்டிருந்துச்சு. நீங்க கத்துனது கேட்டுச்சு. ஓடுறப்பவே கழட்டிக்கிட்டு வந்துட்டேன். அதுல ஏற்கனவே பொடி ஒட்டிக் கெடந்துச்சு."

"அப்ப நீ காட்டுனது?"

"ஒண்ணக் காட்டுனேன். கண்ணுலேருந்து வந்துச்சா, தூள்லேருந்து வந்ததான்னு எனக்கு அப்பவே தெரியாது. நீங்க துடிச்சுக்கிட்டு நின்னீங்க. வந்துருச்சுன்னு சொன்னா ஆறுதலா இருக்கும்னு சொன்னேன்."

"வலி நின்னுச்சே."

"தண்ணி ஊத்திக் கழுவுனோமே. அதுலயும் நின்னுருக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லல நீ."

"நீங்க எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. கல்யாணப் பந்தல்லயே சொல்லிட்டீங்க. அதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றது."

அண்ணன் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"இது யாருக்கும் தெரிய வேணாம். நான் போறேன். பாஸ்போட்டு வந்துருச்சு, ஆள் காத்திருக்காங்க. ஒத்தக் கண்ணு போதும் எனக்கு. ரெண்டு காலும் வேணும்."

"கண்ணும் போயி, காலும் வராமப் போனா?"

"அப்ப ஊசி போட்டுக்கிட்டுக் காலு போனா? அதுக்கு நீ பொறுப்பா?"

"ஆமாங்க," என்றார் அண்ணி. "எதுன்னாலும் நாந்தான் பொறுப்பு. அதனாலதான் சொல்றேன்."

அதற்கு மேல் அவர்களை அப்படியே விட முடியாது என்று தோன்றியது. ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம் என்றேன். கண்ணை எக்ஸ்ரே எடுத்தால் இரும்பு இருந்தால் தெரியும். ஒன்றுமில்லை என்றால் திட்டப்படி புறப்படலாம். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். டிக்கோயாவுக்கு அவரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அங்கே இரண்டு படம் எடுத்தார்கள். தலையை அசைக்காமல், முதலில் கண்ணை மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, பிறகு கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. படம் எடுப்பவர் ஈரம் காயாத இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது கண் குழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கடுகில் கால்வாசி. படத்தில் விழுந்த அழுக்காகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அது இரண்டிலும் இருந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. கண் மேலே பார்த்தபோது ஒரு இடம், கீழே பார்த்தபோது இன்னொரு இடம். கண்ணோடு சேர்ந்து நகர்ந்தால் அது கண்ணுக்குள்தான் இருக்கிறது.

அண்ணி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அன்னைக்கிலேருந்து இங்கதான் இருந்துருக்கு," என்றார்.

மதராஸ் பயணம் அந்த ஜன்னலருகே முடிந்தது. கண்டி வைத்தியர் படங்களைப் பார்த்துவிட்டு அண்ணனின் கண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். துணுக்கைச் சுற்றித் திசு வளர்ந்து மூடியிருந்தது. இரும்பு மெல்லத் துருவேறி அந்தக் கண்ணின் பார்வையை, முக்கியமாக மங்கல் வெளிச்சத்தில், குறைத்திருந்தது. இடது பக்கம் இடித்துக்கொண்டதற்குக் காரணம் கால்கள் அல்ல. துணுக்கை எடுக்கப் போனால் மிச்சப் பார்வையும் போகலாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள்.

"அங்கே போயிருந்தாலும் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்," என்றார் வைத்தியர். "நீங்கள் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். படுக்க வைத்திருப்பார்கள்."

பழைய வழிதான் மிச்சம். அண்ணன் கண்டியிலேயே தங்கினார். ஊசி போடும் நாள்வரை அவர் அண்ணியோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், போர்வையைக் கேட்பார். கோபம் என்று சொல்லிவிட முடியாது. இத்தனை வருடம் சொல்லி வந்த ஒன்றை இனி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அன்று காலை, தள்ளுவண்டியில் நடைவழியில் காத்திருந்தபோது, கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நீ என்னைய இழுக்கவே இல்ல."

"இல்லைங்க," என்றார் அண்ணி. "நீங்களாத்தான் வந்தீங்க."

அவர் கையை நீட்டினார். அண்ணி பிடித்துக்கொண்டார். வண்டியைத் தள்ள ஆள் வரும்வரை விடவில்லை.

மருந்து முதுகில் ஏறி, மேசையைச் சாய்த்தபோது, தோள்பட்டைகளுக்கு இடையே ஒரு இடத்தில் போய் முட்டி நின்றது. அந்த எலும்பைத் திறந்தார்கள். நரம்புக் கயிற்றை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு கட்டி ஒன்று இருந்தது. கெட்ட கட்டி அல்ல. முழுதாக வந்தது. ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் கால்கள் சற்று மோசமாகத்தான் போயின. வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். வலது கால் பிறகு நன்றாகத் திரும்பியது. இடது கால் பாதிதான். மதராசில் படம் எடுத்துவிட்டு வந்திருந்தால் இடது காலும் திரும்பியிருக்குமா என்று நான் ஒருமுறை வைத்தியரைக் கேட்டேன். திரும்பியிருக்கலாம், இதற்கு யாரும் விடை சொல்ல முடியாது என்றார். அண்ணனிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஸ்டோரில் அவருக்கு இனி ஏறி இறங்கும் வேலை முடியாது. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் மருந்துத் தெளிப்பான்கள் வைக்கும் கொட்டிலைக் காவல் பார்க்கக் கொடுத்தார்கள். கல்யாணக் கதையை அவர் அதன் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை. உறவுக்காரர் யாராவது அதைத் தொடங்கினால், "அது வேற கதையாப் போச்சுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அடுத்த தடவை விடுமுறையில் வந்தபோது, மாலையில் அவரோடு ஸ்டோருக்கு இறங்கினேன். அவர் கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து இறங்கினார். சல்லடை அறையின் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே இயந்திரம் நின்று தூள் அடங்கிக்கொண்டிருந்தது. அண்ணி காந்தத்தைக் கழற்றிப் பலகையில் கவிழ்த்து வைத்துச் சாக்குத் துணியால் துடைத்தார். விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"தேஞ்சுரப் போவுது அக்கா," என்றாள் பக்கத்தில் தூள் கூட்டிக்கொண்டிருந்த பெண். "உள்ள வந்து நில்லுங்கண்ணே, தூறுதுல்ல. காந்தம் புடிச்சுக்குமுன்னு பயமா?"

"இதெல்லாம் என்னைய ஒண்ணும் பண்ணாது," என்றார் அண்ணன். "அவ வருவா. நிக்கிறேன்."

அண்ணி காந்தத்தை மாட்டிவிட்டு வெளியே வந்தார். லயத்துக்கு ஏறும் பாதையில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரம் கல் பெயர்ந்து கிடந்தது. அண்ணி சுற்றி வந்து, அண்ணனுக்கு இடது பக்கமாக நடக்கத் தொடங்கினார்.